செம்மையாக்கத்தின் நான்கு நிலைகளுக்குத் தமிழ்ச் சொற்கள்

அன்புடையீர், வணக்கம்.

நூலின் கைப்பிரதி அச்சுக்குப் போகுமுன் நான்கு நிலைகளில் திருத்தம் பெறுகிறது: முதலில் நூலின் கட்டமைப்பு, அடுத்து வாக்கிய நடை, பின்னர் இலக்கணமும் ஒருமைப்பாடும் தகவலும், இறுதியாக அச்சுக்கு வந்த பக்கம். அந்த நிலைகள் ஒவ்வொன்றுக்கும் தனிச்சொல் வேண்டும் என்று இங்கே எழுந்த கருத்தை முழுமனத்துடன் வழிமொழிகிறேன். ‘எடிட்டிங்’ என்னும் ஒரு சொல்லையே எல்லாவற்றுக்கும் வழங்குவதால் நேரும் இழப்பை நான் நேரில் கண்டிருக்கிறேன். ஒரு வரலாற்று நூலின் கைப்பிரதியை முதல் நாளிலிருந்தே ஒற்றுப்பிழை பார்த்து, வரிவரியாகத் திருத்தி முடித்தேன். அதன்பின் நூலாசிரியரும் நானும் அமர்ந்து பேசியபோது, இரண்டு இயல்களை முழுவதுமாக நீக்கவேண்டும் என்பது தெளிவாயிற்று. மூன்று வார உழைப்பு வீணானது. எந்த நிலையின் வேலையைச் செய்கிறோம் என்பதைச் சொல்ல எங்கள் இருவரிடமும் சொல் இருந்திருந்தால், இயல்களைப் பற்றிய பேச்சுதான் முதலில் நடந்திருக்கும்.

பொதுச்சொல்லாகச் ‘செம்மையாக்கம்’ நிலைத்துவிட்டது; இலங்கையில் ‘செவ்விதாக்கம்’ என்றும் எழுதுகிறார்கள். இரண்டும் நல்ல சொற்களே. ‘பதிப்பித்தல்’ என்று சொல்லலாமே என்ற கருத்தைத்தான் என்னால் ஏற்க இயலவில்லை. 1887இல் சி.வை.தாமோதரம்பிள்ளை கலித்தொகையையும், அதே ஆண்டில் உ.வே.சாமிநாதையர் சீவக சிந்தாமணியையும் பதிப்பித்தபோது, ஏடுகளை ஒப்பிட்டு, பாடபேதங்களை, அதாவது ஏட்டுக்கு ஏடு வேறுபடும் சொற்களை, ஆராய்ந்து, மறைந்த புலவரின் சொல் எதுவாக இருந்திருக்கும் என்று தேடினார்கள். அக்காலத்து முகப்புப் பக்கங்களில் ‘பரிசோதித்து’ என்ற சொல்லைக் காண்கிறோம். அந்தப் பணிக்கு அது மிகப் பொருத்தமான சொல். செம்மையாக்குபவரின் பணி இதற்கு நேர்மாறானது: உயிரோடிருக்கும் ஆசிரியருடன் பேசி, அவர் எழுதிய சொல்லை அவர் இசைவோடு மாற்றுவது. மீட்பதையும் மாற்றுவதையும் ஒரே சொல்லால் குறித்தால் இரண்டுமே மங்கிப்போகும். தமிழ் விக்கிப்பீடியா வழங்கும் ‘தொகு’ என்பது அத்தளத்தில் பழகிவிட்டது என்றாலும், தொகுத்தல் என்பது சிதறியவற்றைச் சேர்ப்பது. சேர்ந்திருப்பதைத் திருத்துவதற்கு அது பொருந்தாது.

நிலைகளுக்கான சொற்களைத் தேடும்போது நான் நன்னூலுக்குப் போனேன். பவணந்தியார் நூலுக்கு ஆகாதவை என்று கூறும் பத்துக் குற்றங்களை நிலைவாரியாகப் பிரித்துப் பார்த்தால் வியப்பாக இருக்கிறது. குன்றக் கூறல், மிகைபடக் கூறல், கூறியது கூறல், மாறுகொளக் கூறல், மற்றொன்று விரித்தல், சென்று தேய்ந்து இறுதல் ஆகிய ஆறும் நூலின் கட்டமைப்பைச் சார்ந்தவை. வரியை மட்டும் பார்ப்பவர் கண்ணுக்கு இவை தென்படமாட்டா. மயங்க வைத்தல், வெற்றெனத் தொடுத்தல், நின்று பயன் இன்மை ஆகிய மூன்றும் வாக்கியத்தைச் சார்ந்தவை. எஞ்சிய வழூஉச்சொல் புணர்த்தல் சொல்லையும் இலக்கணத்தையும் சார்ந்தது. பத்தில் ஆறு கட்டமைப்புக்குரியவையாக இருக்க, நாம் செம்மையாக்கத்தைப் பெரும்பாலும் பிழைதிருத்தமாகவே எண்ணுகிறோம் என்பது வருத்தத்துக்குரியது.

நூலுக்குரிய பத்து அழகுகளைச் சொல்லும்போது அவரே ‘முறையின் வைப்பு’ என்கிறார். முதல் நிலைக்கு ‘முறைவைப்பு’ என்ற சொல்லை இதிலிருந்தே முன்மொழிகிறேன். ‘வைப்பு’ என்றால் வங்கி வைப்பு நினைவுக்கு வரும் என்ற தடை எழலாம். ‘முறை’ முன்னே நிற்பதால் அந்த மயக்கம் நேராது. முறைவைத்தல், முறைவைப்பாளர் என்று வினையாகவும் ஆளைக் குறிக்கும் பெயராகவும் அது இயல்பாக விரிகிறது. கலைச்சொல்லுக்கு இத்தகுதி இன்றியமையாதது. இரண்டாம் நிலைக்கு ‘நடைச்செம்மை’ போதும். இதில் விவாதத்துக்கு இடமிருப்பதாக எனக்குத் தோன்றவில்லை.

இறுதி நிலைக்கு ‘மெய்ப்பு’ இருக்கிறது. இலங்கை நண்பர்கள் ‘சரவை பார்த்தல்’ என்றும் ‘ஒப்புநோக்கல்’ என்றும் சொல்வதை நாம் விலக்கவேண்டியதில்லை. அச்சுக்கு வந்த பக்கத்தைக் கைப்பிரதியோடு வைத்துப் பார்ப்பதை ‘ஒப்புநோக்கல்’ மிகத் துல்லியமாகச் சொல்கிறது. இந்த நிலைக்கு ஒன்றுக்கு மேற்பட்ட சொற்கள் இருப்பதால் குழப்பம் வராது.

இடர்ப்பாடு மூன்றாம் நிலையில்தான். ‘காப்பி எடிட்டிங்’ என்பதற்கு ‘நகல் திருத்தம்’ என்று இங்கே முன்வைக்கப்பட்டது. நகல் என்றவுடன் தமிழர் நினைப்பது ஜெராக்ஸை, திருத்தப்படுவதோ மூலம். இந்த நிலையில் இலக்கண வழுவைக் களைகிறோம். ஓரிடத்தில் ‘கோயில்’, வேறோரிடத்தில் ‘கோவில்’ என்று வந்தால் ஒன்றாக்குகிறோம். ஆண்டுகளையும் பெயர்களையும் சரிபார்க்கிறோம். ‘ஒருசீராக்கம்’ என்பது என் பரிந்துரை. எனினும் அது ஒருமைப்பாட்டை மட்டும் சுட்டுகிறது, தகவல் சரிபார்ப்பைச் சுட்டவில்லை என்ற குறையை நானே உணர்கிறேன். ‘சீர்மை’ என்று சுருக்கலாம் என்றால், எழுத்துச் சீர்திருத்த விவாதங்களில் அச்சொல் ஏற்கெனவே வேறு பொருளில் ஊன்றிவிட்டது. இலக்கணம், ஒருமைப்பாடு, தகவல் சரிபார்ப்பு ஆகிய மூன்றையும் தாங்கக்கூடிய சொல், அச்சகத்தாரிடமோ பழைய நாளிதழ் அலுவலகங்களிலோ புழங்கியிருந்தால், அதை அறிந்தவர்கள் எடுத்துச் சொல்லும்படி கேட்டுக்கொள்கிறேன்.