பேனாவில் எழுதியதும் பென்சிலில் எழுதியதும்

குழு: பெரம்பூர் கன்னர்ஸ்
குழு விவரம்: தாத்தாவும் படிக்கிறார். தமிழ் எழுத்தில் மட்டும் எழுதவும். குட் மார்னிங் படம் போடுபவர்களுக்கு ஒரு நாள் தடை.

27 ஜூலை 2025, ஞாயிறு

முரளி சித்தப்பா, காலை 6:52
நம் ஆர்சனலுக்குப் புது ஸ்ட்ரைக்கர் வந்துவிட்டான்! விக்டர் யோக்கெரெஸ். 14ஆம் எண் சட்டை. நம் பழைய கோல் மன்னன் தியரி ஆன்ரி போட்டிருந்த அதே 14. காபிகூடக் குடிக்காமல் அந்த வீடியோவை நாலு தடவை பார்த்துவிட்டேன்.

பிரபு, 6:55
மாமா, முதலில் காபி குடியுங்கள். அவர் இன்னும் ஒரு கோல்கூட அடிக்கவில்லை.

தாத்தா, 7:03
யார் இந்த யோகேஸ்வரன்?

நான், 7:05
யோக்கெரெஸ், தாத்தா. ஸ்வீடன்காரர். போர்ச்சுகலில் ஸ்போர்டிங் கிளப்புக்கு இரண்டு சீசனில் 102 ஆட்டம், 97 கோல்.

தாத்தா, 7:06
97ஆ? எதிர்ப்பக்கம் கோலி நின்றானா, வெறும் போஸ்ட் மட்டும்தானா?

பிரபு, 7:08
அப்படிக் கேளுங்கள் தாத்தா! போர்ச்சுகலில் அடிப்பது வேறு, இங்கிலாந்தில் அடிப்பது வேறு. பென்ஃபிகாவிலிருந்து லிவர்பூல் வாங்கிய டார்வின் நூனியெஸ் என்ன ஆனார் என்று ஊருக்கே தெரியும்.

நான், 7:12
நூனியெஸுக்கு இங்கிலாந்து புதுசு. இவர் அதற்கு முன்பே கொவென்ட்ரியில் ஆடியவர். இரண்டாம் டிவிஷன். மழை, முழங்கை, முரட்டு டிஃபெண்டர் எல்லாம் அங்கேயே பார்த்தாகிவிட்டது. 2023இல் மேல் டிவிஷனுக்கு ஏறுவதற்கான பிளே ஆஃப் ஃபைனல் வரை போய் லூட்டனிடம் பெனால்டியில் தோற்றார்கள். இருந்தாலும் பட்டியலில் அவரை இன்னும் பென்சிலில்தான் வைத்திருக்கிறேன்.

அம்மா, 7:14
எந்தப் பட்டியல்? பிரிட்ஜில் ஒட்டியிருந்ததா? அதில் உளுந்து ஒரு கிலோ, வெந்தயம் 100 என்று நான் எழுதிவிட்டேனே.

நான், 7:15
அம்மா!! அது ஆர்சனல் டீம்.

அம்மா, 7:16
ஓரமாகத்தான் எழுதினேன். யாரையும் அழிக்கவில்லை.

தாத்தா, 7:20
படம் எடுத்துப் போடு. எழுத்து பெரிதாகத் தெரியட்டும்.

நான், 7:24
(படம்: தினசரி காலண்டர் தாள்கள் நான்கின் பின்பக்கம், செல்லோடேப் போட்டு ஒட்டியது. கீழ் ஓரத்தில் உளுந்து, வெந்தயம்.)
பேனாவில் எழுதியவர்களைக் கண்ணை மூடிக்கொண்டு நம்பலாம். பென்சிலில் இருப்பவர்களை அழிக்க வேண்டி வரலாம். ராயா, சாலிபா, கேப்ரியல், டிம்பர், ரைஸ், ஒடேகார்ட், சாகா, ஸுபிமெண்டி பேனா. மற்றவர்கள் பென்சில்.

தாத்தா, 7:31
ஸுபிமெண்டி புதுப் பையன்தானே? நமக்காக ஓர் ஆட்டம் ஒழுங்காக ஆடுவதற்குள் பேனாவா?

நான், 7:34
போன வருஷம் யூரோ ஃபைனல் ஞாபகம் இருக்கிறதா தாத்தா? ஸ்பெயினும் இங்கிலாந்தும். ரோட்ரி அடிபட்டு வெளியே போனார், இரண்டாம் பாதியில் அந்த இடத்தில் இறங்கியவர் இவர்தான். ரோட்ரி இல்லாத குறையே தெரியவில்லை. ஸ்பெயின் 2-1 ஜெயித்தது.

தாத்தா, 7:35
அவனா. சரி, பேனாவே இருக்கட்டும்.

முரளி சித்தப்பா, 7:40
இந்த வருஷம் பிரீமியர் லீக் கப் நமக்குத்தான் என்று எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

பிரபு, 7:41
மாமா, போன வருஷமும் அதைத்தான் எழுதி வைத்தோம். அதற்கு முந்தின வருஷமும். மூன்று வருஷமாக இரண்டாம் இடம். கல்யாணப் பந்தியில் முதல் வரிசை முடியட்டும் என்று இலைக்குப் பின்னாலேயே நிற்கிறீர்கள்.

நான், 7:52
கொஞ்சம் நீளமாக எழுதப் போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.
போன சீசனில் நாம் தோற்றது 4 ஆட்டம். கப் ஜெயித்த லிவர்பூல் தோற்றதும் 4 ஆட்டம்தான்! ஆனால் அவர்கள் 9 டிரா, நாம் 14 டிரா. அவர்களுக்கு 84 புள்ளி, நமக்கு 74. அந்தப் பத்துப் புள்ளியும் டிராவில்தான் போனது. அதற்கு முந்தைய சீசனில் 91 கோல் அடித்த டீம், போன சீசனில் 69. லீக்கில் அதிகம் அடித்தவர் ஹாவெர்ட்ஸ், வெறும் 9. அவரும் பிப்ரவரியில் துபாய் பயிற்சியில் தொடையில் ஹாம்ஸ்ட்ரிங் கிழிந்து உட்கார்ந்துவிட்டார். ஜனவரியிலேயே ஜெசூஸுக்கு முட்டி போய்விட்டது. சாகா டிசம்பரிலிருந்து மூன்று மாதத்துக்கு மேல் இல்லை. அப்புறம் யார் கோல் அடிப்பது? மிட்ஃபீல்டில் ஆடும் மெரினோவை முன்னால் நிறுத்தினோம்.
பதினொரு பேரில் நமக்குக் குறையே இல்லை. பன்னிரண்டாவது ஆளிலிருந்து பதினெட்டாவது ஆள் வரைதான் ஓட்டை. அதனால் இந்த முறை புது ஸ்ட்ரைக்கரைவிட பெஞ்சைத்தான் உற்றுப் பார்க்கிறேன்.

தாத்தா, 8:05
எங்கள் ஒர்க்‌ஷாப் டீமிலும் இதே கதைதான். செண்டர் ஃபார்வர்டுக்கு மஞ்சள் காமாலை. பேக் ஆடிய தங்கராஜை முன்னால் போட்டோம். நல்ல உயரம், ஹெடர் பிரமாதம். ஆனால் பந்து எதிராளி காலுக்குப் போனதும் பழக்கதோஷத்தில் நம் கோல் பக்கம் ஓடி வந்துவிடுவான். மறுபடி முன்னால் போவதற்குள் மூச்சு வாங்கும். பாவம், அவனைச் சொல்லிக் குற்றமில்லை.

முரளி சித்தப்பா, 8:07
மெரினோ ஓடி வரவில்லை அப்பா. லெஸ்டரோடு பெஞ்சிலிருந்து இறங்கி இரண்டு கோல் போட்டான்.

தாத்தா, 8:08
ஆகட்டும். ஆனால் ஜன்னலைக் கழற்றி வாசலில் மாட்டினால் வாசல் அடைபடும், ஜன்னல் திறந்து கிடக்கும்.

நான், 8:15
சரியாகச் சொன்னீர்கள். அதனால்தான் நார்கார்ட் வந்தது எனக்குப் பிடித்திருக்கிறது. யாரும் கைதட்டவில்லை. 31 வயது, பிரென்ட்ஃபோர்டு கேப்டன். பார்ட்டேயும் ஜோர்ஜினியோவும் போய்விட்டார்கள். ரைஸுக்கு ஒரு வாரம் ஓய்வு கொடுக்க வேண்டுமென்றால் ஒரு பெரிய மனுஷன் வேண்டாமா? டிஃபென்ஸுக்கு வலென்சியாவிலிருந்து மொஸ்கேரா, 21 வயது. ஏப்ரலில் கேப்ரியலுக்கு ஹாம்ஸ்ட்ரிங் போய், பாரிஸ் டீமோடு சாம்பியன்ஸ் லீக் செமி ஃபைனலில் என்ன பாடு பட்டோம்! கீப்பரில் ராயாவுக்குத் துணையாக கெப்பா, 5 மில்லியன் பவுண்டு.

அம்மா, 8:17
ஐந்து மில்லியன் என்பது குறைவா?

முரளி சித்தப்பா, 8:18
அண்ணி, 2018இல் செல்சி அவனை 71 மில்லியனுக்கு மேல் கொடுத்து வாங்கியது. அப்போது உலகத்திலேயே விலை உயர்ந்த கீப்பர் அவன்தான். இது ஆடித் தள்ளுபடி!

பிரபு, 8:22
தள்ளுபடி என்று நீங்கள் நினைக்கிறீர்கள் மாமா. எங்கள் செல்சி வீட்டில் பழைய புடவையைப் போட்டு எவர்சில்வர் பாத்திரம் வாங்குகிறோம். ஜோர்ஜினியோவைத் தள்ளினோம். ஹாவெர்ட்ஸைக் கொடுத்து அண்டா வாங்கினோம். ஸ்டெர்லிங்கைக் கடனாகக் கொடுத்தோம், லீக்கில் ஒரு கோல்கூட இல்லாமல் திருப்பி அனுப்பினீர்கள். இப்போது கெப்பா, மதுவேகே. தெருமுனையில் எங்கள் குரல் கேட்டாலே நீங்கள் பாத்திரத்தோடு ஓடி வருகிறீர்கள். நாங்கள் இந்த மாதம் பாரிஸை 3-0 அடித்து உலக கிளப் கோப்பையே வாங்கிவிட்டோம் என்பதையும் பணிவோடு தெரிவித்துக்கொள்கிறேன்.

மாலதி அத்தை, 8:24
பிரபு, தாத்தா இருக்கும் இடத்தில் அடக்கமாகப் பேசு.

தாத்தா, 8:25
பேசட்டும் மாலதி. பாத்திரக் கதை நன்றாகத்தான் இருக்கிறது.

நான், 8:33
மதுவேகே விஷயத்தில் பிரபுவோடு எனக்குச் சண்டை இல்லை, நம் ஆட்களோடுதான். அவர் வேண்டாம் என்று இணையத்தில் கையெழுத்து வாங்கினார்கள், ஸ்டேடியம் பக்கத்தில் சுவரோவியத்தில் கிறுக்கினார்கள். எனக்கும் முதலில் பிடிக்கவில்லைதான். 50 மில்லியன் பவுண்டுக்கு அருகில் கொடுத்து, சாகா ஆடும் அதே வலது ஓரத்துக்கு ஆளா என்று தோன்றியது. அப்புறம் அந்தத் தாளில் சாகா பெயருக்குக் கீழே பார்த்தேன். காலி. போன டிசம்பரிலும் காலிதான். கடைசியில் 17 வயது வானெரியை நிறுத்தினோம்.

அம்மா, 8:36
புதுசாக வருகிற பையனைத் திட்டி சுவரில் எழுதுவார்களா? யார் பெற்ற பிள்ளையோ.

முரளி சித்தப்பா, 8:37
அண்ணி சொன்னதைத்தான் லண்டன் சுவரில் எழுத வேண்டும்.

தாத்தா, 8:50
இடது ஓரத்தில் இரண்டு பேரையும் பென்சிலில் எழுதியிருக்கிறாயே, ஏன்?

நான், 8:54
மார்ட்டினெல்லி, ட்ரொசார்ட். போன லீக்கில் ஆளுக்கு 8 கோல். மோசமில்லை, ஆனால் கப் ஜெயிக்கும் டீமின் எண் இல்லை அது. மார்ட்டினெல்லி ஓடுவதற்கு இடம் வேண்டும். நம்மைப் பார்த்தால் எல்லா டீமும் பெட்டிக்குள் பத்துப் பேரை அடுக்கி வைக்கிறது, எங்கே ஓடுவது? ட்ரொசார்டுக்கு முப்பது தாண்டிவிட்டது. எனக்கு ஆசை எல்லாம் கிரிஸ்டல் பேலஸ் டீமில் இருக்கும் எஸே மேல்தான். நெரிசலுக்குள் பந்தை வாங்கித் திரும்பத் தெரிந்தவர். 13 வயதில் நம் அகாடமிதான் வேண்டாம் என்று அனுப்பியது!

முரளி சித்தப்பா, 8:56
நாமே அனுப்பிவிட்டு நாமே கொட்டிக் கொடுத்துக் கூட்டி வருவதா? எந்த ஊர் நியாயம்?

தாத்தா, 8:58
நம் வீட்டிலேயே நடந்திருக்கிறது. விற்ற மாட்டை மூன்று மடங்கு கொடுத்துத் திரும்ப வாங்கினார் என் அப்பா. அந்த மாடு நன்றாகத்தான் கறந்தது.

பிரபு, 9:04
சாலிபாவைப் பற்றி யாருமே பேசவில்லையே. 2027இல் ஒப்பந்தம் முடிகிறது. ரியல் மாட்ரிட் வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு நிற்கிறது என்று கேள்வி.

நான், 9:06
அது எனக்கும் உறுத்துகிறது. சாகாவுக்கும் 2027தான். கேப்ரியலுக்கு 2029 வரை போட்டுவிட்டார்கள், லூயிஸ் ஸ்கெல்லியும் கையெழுத்துப் போட்டாயிற்று. புதுச் சாமான் இறக்குவதில் காட்டும் வேகத்தை இந்த இரண்டு பேரிடமும் காட்டினால் நிம்மதியாகத் தூங்குவேன்.

அம்மா, 9:10
எல்லாரும் எழுந்திருங்கள். ஆடி ஞாயிறு, கூழ் ஊற்றப் போக வேண்டும். கயல், கருவாடு கழுவி வைத்தாயா இல்லையா?

மாலதி அத்தை, மாலை 4:21
நாங்கள் சிங்கப்பூரில் காலாங் ஸ்டேடியத்துக்குள் வந்துவிட்டோம். ஆர்சனலும் நியூகாஸிலும். எங்கு பார்த்தாலும் சிவப்புச் சட்டை. என் பிள்ளை மட்டும் செல்சி நீலச் சட்டையில் நிற்கிறான். தெரியாதவள் மாதிரி இரண்டு அடி தள்ளி நடந்து வந்தேன்.

முரளி சித்தப்பா, 4:23
அக்கா, கொடுத்து வைத்தவள் நீ. நான் பெரம்பூரில் டிவி முன்னால்.

பிரபு, 5:09
எலாங்கா கோல். நியூகாஸில் 1-0. எழுந்து கைதட்டினேன், அம்மா கிள்ளிவிட்டார்.

நான், 5:38
மெரினோ கோல்! அடுத்த இரண்டாவது நிமிஷமே நியூகாஸில்காரரின் ஓன் கோல்! 2-1. கிள்ளிய இடம் வலிக்கிறதா பிரபு?

தாத்தா, 5:41
மெரினோவா? முன்னால் போட்ட அந்த ஜன்னலா?

முரளி சித்தப்பா, 5:42
அவனேதான் அப்பா. உங்கள் தங்கராஜ்.

பிரபு, 6:19
2-2. ஜேக்கப் மர்ஃபி. உங்கள் டிரா நோய் சிங்கப்பூர் வரை வந்துவிட்டது.

மாலதி அத்தை, 6:31
அப்பா, ஒரு சின்னப் பையன் இறங்கியிருக்கிறான். 15 வயதாம். நம் தெருவில் டியூஷனுக்குப் போகிற பையன்கள் மாதிரி இருக்கிறான். ஆனால் பந்து வந்தால் விடுவதில்லை. வலது ஓரத்தில் வாங்கி, இடது காலிலேயே ஒட்டிக்கொண்டு உள்ளே உள்ளே வருகிறான். அவன் பந்தைத் தொட்டாலே கூட்டம் எழுந்து நிற்கிறது. எனக்கு எதிரே இருப்பவரின் தலைதான் தெரிகிறது.

நான், 6:33
மேக்ஸ் டௌமன், அத்தை.

பிரபு, 6:46
பெனால்டி. ஜோலின்டன் அந்தக் குழந்தையைப் பெட்டிக்குள் வீழ்த்திவிட்டார். அவர் பாதி உயரம்கூட இருக்க மாட்டான் போலிருந்தது, ஆனால் முதலில் பந்தைத் தொட்டது அவன்தான். நான்கூட எழுந்து நின்றுவிட்டேன், வெளியில் சொல்லாதீர்கள்.

முரளி சித்தப்பா, 6:48
ஒடேகார்ட்!!! 3-2!!!

மாலதி அத்தை, 6:58
முடிந்தது. ஜெயித்துவிட்டோம். பிரபு நீலச் சட்டையைக் கழற்றிப் பைக்குள் வைத்துவிட்டான். வியர்வை என்கிறான்.

தாத்தா, 7:10
கயல், அந்தப் பையன் பெயரை உன் தாளில் தேடினேன். எங்கே எழுதியிருக்கிறாய்?

நான், 7:11
எழுதவே இல்லை தாத்தா. 15 வயதுதானே, இன்னும் இரண்டு வருஷம் போகட்டும் என்று விட்டுவிட்டேன்.

தாத்தா, 7:12
சாகாவுக்கு மூன்றாவது ஆளாக எழுது. பென்சிலில்.

நான், 7:14
அந்த இடத்தில் வெந்தயம் இருக்கிறது தாத்தா.

அம்மா, 7:15
வெந்தயம் வாங்கியாகிவிட்டது. அடித்துவிட்டு எழுதிக்கொள்.