புதுப்பிப்பு: கயிறும் தண்ணீர்த் தாங்கியும்

முல்லைத்தீவில் வள்ளம் கட்டும் பொலித்தீன் கயிறு, கிளிநொச்சி வீடுகளில் நிற்கும் கறுப்புத் தண்ணீர்த் தாங்கி. இரண்டும் ஒரே பொலித்தீன் குடும்பம் என்றால் கயிற்றுக்கு மட்டும் அவ்வளவு இழுபலம் எங்கிருந்து வருகிறது என்று போன பதிவில் கேட்டிருந்தேன். விடை செய்முறையில் இருக்கிறது.

தாங்கிக்குப் பொலித்தீன் தூளை அச்சில் போட்டு, சூட்டில் சுழற்றி உருக்குகிறார்கள். அழுத்தமோ இழுப்போ இல்லாததால் பொலித்தீனின் நூல்போல் நீண்ட மூலக்கூறுகள், அதாவது சங்கிலிகள், சுருண்டபடியே உறைகின்றன. எந்தத் திசையிலும் ஏறக்குறைய ஒரே பலம். தாங்கிக்கு அது போதும்.

கயிறு வேறு. உருகியதை நுண்துளைகளால் தள்ளி நூலாக்கி, குளிரவைத்து, அப்புறம் உருகாத அளவுக்குச் சூடேற்றிப் பல மடங்கு நீளத்துக்கு இழுக்கிறார்கள். சங்கிலிகள் நீளவாக்கில் நிமிர்ந்து வரிசையாக அடுக்கப்படுகின்றன. இந்த இழுப்பின் எல்லை எனக்குப் பெரிய வியப்பு: அச்சில் வார்த்த சாதாரணப் பொலித்தீன் சுமார் 30 மெகாபாஸ்கல் (இழுபலத்தை அளக்கும் அலகு) தாங்கும், மிக நீண்ட சங்கிலிகளை கரைத்துக் கூழ்போன்ற ஜெல்லாக்கி இழுத்த இழை 3,000ஐத் தொடும்!

கயிற்று நுனியைச் சுட்டால் சட்டெனச் சுருங்கி மணியாகுமே, அது அந்த ஒழுங்கு கலைவதுதான். ஆகவே தம்பிமார், சூடான இயந்திரத்தில் உரசும்படி இந்தக் கயிற்றைக் கட்டாதீர்கள்.