பி0401 வந்ததும் வால்வை மாற்றிவிட்டேன், லைட் அணையவில்லை

என் பழைய பெட்ரோல் காரில் இன்ஜின் லைட் எரிந்தது. ஸ்கேனரில் பி0401 என்ற பிழை எண், அதாவது இ.ஜி.ஆர். ஓட்டம் போதவில்லை. எரிந்த புகையில் கொஞ்சத்தை ஒரு வால்வு வழியாகத் திரும்ப இன்ஜினுக்குள் விடுவதுதான் இ.ஜி.ஆர். பார்த்தவர் அந்த வால்வுதான் கெட்டுவிட்டது என்றார். புதுசு போட்டோம். நாலே நாளில் திரும்ப அதே லைட். மேடு ஏறும்போது இன்ஜின் தட்டும் சத்தமும் போகவில்லை.

அப்புறம்தான் உறைத்தது. புகை போய்ச் சேரவில்லை என்று மட்டும்தான் அந்தப் பிழை எண் சொல்கிறது. எங்கே தடைபட்டது என்பதை நாம்தான் தேடணும்.

என்னுடையது வேக்குவத்தில் திறக்கும் வால்வு. இன்ஜினை ஐடிலில், அதாவது ஆக்சிலரேட்டரை மிதிக்காமல் ஓடவிட்டு, வால்வில் கை வேக்குவம் பம்பை மாட்டி இழுத்தேன். ஐடிலில் அவ்வளவு புகை உள்ளே போனால் இன்ஜின் தடுமாறணும், நின்றேகூடப் போகும். என் இன்ஜினோ துளிகூட அசையவில்லை. பம்பின் முள் இறங்காமல் நின்றதால், வால்வைத் தூக்கும் சவ்வான டயாபிரம் கிழியவில்லை. தண்டு மேலே ஏறுவதும் கண்ணுக்குத் தெரிந்தது. வால்வு ஒழுங்காகத் திறக்கிறது என்றால் அடைப்பு பாதையில்தானே!

ஆறவிட்டுக் கழற்றி, புகை இன்ஜினுக்குள் போகும் மேனிஃபோல்டு துளையில் டார்ச் அடித்தேன். கல்லாக இறுகிய கரி. உதிர்வது இன்ஜினுக்குள் போகாமல் உறிஞ்சிக்கொண்டே சுரண்டினேன். பாதி நாள் போனது. புது கேஸ்கெட் வைத்து மறுபடி பம்பை இழுத்தேன், இன்ஜின் பட்டென்று நின்றது. அவ்வளவு சந்தோஷம்! தட்டும் சத்தமும் போய்விட்டது. இந்தப் புகைதான் எரியும் சூட்டைத் தணிக்கிறது. கழற்றிய பழைய வால்வில் ஒரு குறையும் இல்லை.

*

அண்ணா, எனக்கு நேர் எதிர். டீசல் வண்டி, மோட்டார் வால்வு. இழுவை இல்லை, மிதித்தால் கறுப்புப் புகை. டர்போ என்று பயந்தேன். ஸ்கேனரில் லைவ் டேட்டா பார்த்தால், மூடச் சொல்லி 0 சதவீதம் கட்டளை போகிறது, வால்வு 20-லேயே நிற்கிறது. வால்வு மூடி உட்காரும் இடத்தில் கரித்துண்டு சிக்கியிருந்தது. சுத்தம் செய்து மாட்டியும் சரியாகவில்லை; மூடும் நிலையை ஸ்கேனர் வழியாகப் புதிதாகப் பதிந்த பிறகுதான் 0-க்கு வந்தது. கிளீனரை மோட்டார் பக்கம் அடித்துவிடாதீர்கள்.

*

இந்தப் புகையை கூலன்ட் வைத்துக் குளிர்விக்கும் இ.ஜி.ஆர். கூலரையும் சேர்த்துப் பாருங்கள். எனக்கு கூலன்ட் குறைந்துகொண்டே வந்தது, வெளியே ஒரு சொட்டு ஒழுகல் இல்லை. வெள்ளைப் புகை. ஹெட் கேஸ்கெட் என்று இன்ஜினைப் பிரிக்க இருந்தார்கள். அதற்கு முன் கூலரைத் தனியே கழற்றி, காற்றழுத்தம் கொடுத்துத் தண்ணீரில் முக்கச் சொன்னேன். குமிழி வந்தது, ஒழுகல் கூலருக்குள்தான்.