"கூகிளில் தேடு" என்பது ஒரு பதிலா?

வெள்ளவத்தை_நிரலி: நேற்று நம் பைதன் நிரல்மொழிக் குழுவில் ஒரு ஏ.எல். (உயர்தர) மாணவி கேட்டாள்: "மார்க்ஸ் (புள்ளி) எதைக் கொடுத்தாலும் இஃப் (if) நிபந்தனை சரி என்றே வருகிறது, ஏன்?" கிடைத்த ஒரே பதில் "கூகிளில் தேடு". அதோடு கேள்வியையும் மூடிவிட்டார்கள். எனக்கு இது கொஞ்சமும் சரியாகப் படவில்லை.

தெஹிவளை_டெவ்: மூடியது நான்தான். கொழும்பு கோட்டையில் வேலை முடிந்து 100ஆம் இலக்க பஸ்ஸில் நின்றபடியே வீடு வந்து, சாப்பிட்டுவிட்டுத்தான் இங்கே பதில் எழுத உட்காருகிறேன். இஃப் பற்றிய கேள்வி மாதாமாதம் வருகிறது, பழைய பதில்கள் அப்படியே கிடக்கின்றன, ஒருவரும் புரட்டிப் பார்ப்பதில்லை. நாளைக்கு வேலைக்குப் போனால் யார் ஊட்டிவிடுவார்கள்?

வெள்ளவத்தை_நிரலி: அவள் எழுதிய வரியைப் பார்த்தீர்களா அண்ணா? ஓ.எல்.லில் (சாதாரண தரத்தில்) பாஸ்கல் என்ற நிரல்மொழி படித்த பிள்ளை. பாஸ்கலில் ஒப்பிட ஒற்றை =, மதிப்பை வைக்க :=. அந்தப் பழக்கத்தில் பைதனிலும், மார்க்ஸ் 75ஆ என்று பார்க்கும் இஃப் வரியில் ஒற்றை = போட்டிருக்கிறாள், பிழைச் செய்தி வந்திருக்கிறது, அதை வாசித்தும் இருக்கிறாள். பைதன் 3.10 பதிப்பிலிருந்து அந்தச் செய்தியே "== அல்லது := போட நினைத்தீர்களா" என்றுதான் கேட்கும். தெரிந்த குறி := என்பதால் அதைப் போட்டாள், பிழை போய்விட்டது! 2019இல் வந்த 3.8 முதல் இஃப் வரிக்குள் := செல்லும். ஆனால் பைதனில் ஒப்பிடும் குறி ==தான்; := ஒப்பிடாது, 75ஐ மார்க்ஸ் என்ற மாறிக்குள் வைத்துவிடும், 75 பூச்சியம் இல்லை என்பதால் நிபந்தனை எப்போதும் சரி. இதை எந்தச் சொல்லைப் போட்டுத் தேடுவாள்? 2019க்கு முந்தைய பதில்களில் இது இருக்கவே இருக்காது.

தெஹிவளை_டெவ்: நல்ல கேள்விதான், மறுக்கவில்லை. ஆனால் அவள் போட்டது ஃபோனில் எடுத்த ஒரு படம், அதிலும் பாதி வரி வெட்டுப்பட்டிருந்தது. நீங்கள் பொறுமையாக உட்கார்ந்து கண்டுபிடித்தீர்கள், எல்லாருக்கும் ஏலாது.

மருதானை_பைட்: நிரலைப் படமாக இல்லாமல் எழுத்தாகப் போடு, பைதன் பதிப்பைச் சொல், பிழைச் செய்தியை முழுதாகத் தா என்று கேட்டிருக்கலாமே. ஒரு வரி. அப்படிக் கேட்டால் அடுத்த தடவை அவளே அதையெல்லாம் சேர்த்துப் போடுவாள். விரட்டிவிட்டால் திரும்பி வரவே மாட்டாள், இங்கே தமிழில் கேட்கக்கூடிய இடங்களும் நிறைய இல்லை.

தெஹிவளை_டெவ்: கேட்கலாம். கேட்டும் தராதவர்களுக்கு நான் எழுதமாட்டேன், அதில் மாற்றமில்லை.

வெள்ளவத்தை_நிரலி: தராவிட்டால் விடுங்கள், யாரும் குறை சொல்ல மாட்டார்கள். இவளிடம் கேட்கவே இல்லையே. கேள்வியைத் திறந்துவிடுங்கள், == பற்றி நான் எழுதுகிறேன்.