முகத்தோல் இறுக்கும் சிகிச்சைக்கு முன்: உடம்பில் தங்கிய இரும்பு பற்றிய வன்னி அனுபவங்கள்

பாலைப்பழம் (கிளிநொச்சி)

கன்னத்தின் கீழ்ப்பகுதி தாடை எலும்பைத் தாண்டித் தொங்கத் தொடங்கியதும், கழுத்துத் தோல் மடிப்பு விழுந்ததும் ஐம்பது வயதைக் கடந்த பின்னர்தான் என் கண்ணில் பட்டன. பரந்தனுக்கும் கிளிநொச்சிக்கும் இடையில் ஏ9 வீதியில், முதலில் சைக்கிளிலும் பின்னர் ஸ்கூட்டியிலும், வெயிலோடு வெயிலாகப் பாடசாலைக்குப் போய்வந்த முகம் இது. அதனிடம் குறைகேட்க எனக்கு உரிமையில்லை. எனினும் கனடாவிலிருந்து வந்திருந்த மச்சாள், தான் ரேடியோ அலைச் சிகிச்சை செய்துகொண்டதாகவும், கத்தியும் தையலும் இல்லாமலே தோல் இறுகியதாகவும் சொல்லி, என்னையும் கொழும்பிலுள்ள ஒரு தனியார் கிளினிக்குக்கு அழைத்துச் சென்றார்.

இங்குள்ளவர்களுக்கு நான் முக்கியமாகச் சொல்ல விரும்புவது, அங்கே நிரப்பக் கொடுத்த படிவத்தைப் பற்றித்தான். ஆங்கிலத்தில் அச்சிட்ட அந்தத் தாளில், உடலில் உலோகம் உண்டா என்ற கேள்விக்குக் கீழே பேஸ்மேக்கர், செயற்கை மூட்டு, எலும்பில் பூட்டிய தகடு, பல்லுக்கு வைத்த ஆணி என்று சிறு பெட்டிகள் இருந்தன. ஷெல் துண்டுக்குப் பெட்டி இருக்கவில்லை. 2009 இல் மாத்தளனில் காயப்பட்டபோது என் இடது தாடைக்குக் கீழே புகுந்த பீஸ் ஒன்று இன்றும் அதே இடத்தில் இருக்கிறது. கீழுதட்டை அசைக்கும் நரம்பு அவ்விடத்தால் போவதால், எடுக்கப்போனால் வாய் கோணக்கூடும் என்றும், நோவு இல்லாவிட்டால் அப்படியே விட்டுவிடலாம் என்றும் அப்போது பார்த்த வைத்தியர் சொல்லியிருந்தார். அதெல்லாம் பழைய கதை, எழுதினால் வீணாகப் பயப்படுவார்கள் என்று மச்சாள் தடுத்தார். நான் படிவத்தின் அடியில் தமிழிலேயே எழுதினேன். தமிழ் தெரிந்த தாதி ஒருவர் வாசித்துவிட்டு, தாளோடு நேரே வைத்தியரிடம் போனார்.

வைத்தியர் தாடை ஓரத்தை விரலால் அழுத்திப் பார்த்தார். பிறகு எக்ஸ்ரேக்கு அனுப்பினார். பக்கவாட்டில் எடுத்த படத்தில், எலும்பின் கீழ்விளிம்புக்குச் சற்றுக் கீழே நெல்மணி அளவில் ஒரு வெள்ளைப் புள்ளி தெரிந்தது. அது நான் அறிந்த துண்டு. காதுப் பக்கமாக, நான் அறிந்தே இராத இன்னும் சில நுண்ணிய புள்ளிகளும் இருந்தன. கருவியை வைக்கவேண்டிய இடமும் துண்டுகள் கிடக்கும் இடமும் ஒன்றாக இருப்பதால், மின்சாரத்தால் சூடாக்கும் எந்தச் சிகிச்சையையும் என் முகத்துக்குத் தான் செய்யப்போவதில்லை என்று அவர் தெளிவாகச் சொல்லிவிட்டார். இரவில் பூச ட்ரெட்டினோயின் கிரீமும், பகலில் தவறாமல் பூசச் சன்ஸ்கிரீனும் எழுதித் தந்தார். முதல் சில வாரங்கள் தோல் சிவந்து செதில் செதிலாக உரிந்தது; இப்போது கண்ணோரத்து மெல்லிய கோடுகள் குறைந்திருக்கின்றன, தாடையோரத் தொய்வு மட்டும் இருந்தபடியே இருக்கிறது. கிரீமால் தொய்வு ஏறாது என்பதை அவர் முன்கூட்டியே சொல்லியிருந்ததால் எனக்கு ஏமாற்றம் இல்லை. மச்சாளுக்குத்தான் இன்னும் மனம் ஆறவில்லை.

குளக்கட்டு (வவுனியா)

மேலே பாலைப்பழம் ரீச்சர் எழுதியதை வாசித்தபோது, அந்த வைத்தியர் ஏன் அவ்வாறு முடிவெடுத்தார் என்பதையும் சேர்த்து எழுதினால் பலருக்கு உதவும் என்று தோன்றியது. நான் தாதிய உத்தியோகத்தராக இருந்து ஓய்வுபெற்றவர். என் சகோதரிக்கு இதே சிகிச்சை செய்தபோது ஒவ்வொரு தடவையும் பக்கத்தில் இருந்தேன்.

தோலுக்கு உறுதி தருவது கொலாஜன் என்னும் புரத இழை. வயது ஏற ஏற அது குறைந்துகொண்டு போகிறது. பெண்களுக்கு மாதவிடாய் நின்ற முதல் 5 ஆண்டுகளுக்குள் தோலிலுள்ள கொலாஜனில் ஏறத்தாழ 30 வீதம் குறைந்துவிடுகிறது. அந்த இழைகள் 60 பாகை செல்சியஸ் அளவில் சூடாகும்போது சுருங்கும் என்பதும், சூடுபட்ட இடத்தை ஆற்றுவதற்காக உடல் புதிய இழைகளை உண்டாக்கும் என்பதும்தான் இந்தக் கருவிகள் அனைத்துக்கும் அடிப்படை. இதனால்தான் செய்த மறுநாளே பலன் தெரிவதில்லை. இரண்டு மூன்று மாதங்களில் தெரியத் தொடங்கி, சிலருக்கு ஆறு மாதம் வரையிலும் கூடிக்கொண்டு போகும். பிறகு முதுமை தன் வேலையைத் தொடரும், ஒன்றிரண்டு ஆண்டுகளில் திரும்பவும் போகவேண்டியிருக்கும்.

ரேடியோ அலைக் கருவிகளில் ஒற்றைமுனை, இருமுனை என்று வகைகள் உண்டு. ஒற்றைமுனைக் கருவியில் ஒரு முனை முகத்தில் இருக்கும். முதுகிலோ வேறோர் இடத்திலோ ஒரு தகட்டை ஒட்டுவார்கள். மின்னோட்டம் முகத்திலிருந்து உடம்பினூடாக அந்தத் தகட்டுக்குப் போகும். 2002 இல் கண்ணைச் சுற்றிய சுருக்கங்களுக்கென்று அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் (எஃப்.டி.ஏ.) அனுமதித்த தெர்மேஜ் இந்த வகையைச் சேர்ந்தது. பேஸ்மேக்கர் உள்ளவர்களுக்கு இது கூடவே கூடாது. வழியில் உலோகம் இருந்தால், மின்சாரம் அதனைச் சுற்றிக் குவிந்து, வேண்டாத இடத்தில் வேண்டாத அளவு சூடு பிறக்கலாம். மேல்தோலைக் கருவி குளிரவைத்துக்கொண்டிருப்பதால் உள்ளே நடப்பது வெளியில் உடனே தெரியவும் மாட்டாது. இருமுனைக் கருவியில் இரண்டு முனைகளும் கைப்பிடியிலேயே இருப்பதால் மின்னோட்டம் அவற்றுக்கு இடையில் மட்டும் ஓடும்; ஆனால் அந்த இடைவெளிக்குள்ளேயே துண்டு கிடந்தால் ஆபத்து ஆபத்துத்தான்.

அடுத்தது குவிந்த அல்ட்ராசவுண்ட். அல்தெரபி என்ற கருவிக்கு 2009 இல் புருவத்தை உயர்த்துவதற்கு அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. இது ஒலியலையைத் தோலுக்குக் கீழே 1.5, 3, 4.5 மில்லிமீற்றர் ஆழங்களில் சிறு புள்ளிகளாகக் குவித்துச் சூடாக்குகிறது. 4.5 மில்லிமீற்றரில், அறுவைச் சிகிச்சையின்போது இழுத்துத் தைக்கும் அந்த உள்சவ்வையே தொடலாம் என்பதுதான் இதன் பெருமை. மின்சாரம் உடம்புக்குள் ஓடுவதில்லை என்பதால் துண்டு இருந்தாலும் பரவாயில்லை என்று எண்ணிவிட வேண்டாம். சிகிச்சை செய்யும் இடத்தில் உலோகம் இருந்தால் இதையும் தவிர்க்கவே சொல்கிறார்கள்.

நம்முடைய நிறத்துக்கு ஒரு வார்த்தை. லேசர், ஐ.பி.எல். போன்ற ஒளிக்கருவிகளில் பல தோலின் கருமை நிறமியிலேயே சூட்டை இறக்குவதால், கறுத்த தோலில் தழும்பும் கரும்படையும் வர வாய்ப்பு அதிகம். ரேடியோ அலையும் அல்ட்ராசவுண்டும் நிறத்தைப் பார்ப்பதில்லை. அந்த வகையில் நமக்குப் பொருத்தமானவை. மற்றது, ஒட்டிய கன்னம் உடையவர்கள் மிகவும் யோசிக்கவேண்டும். சூடு ஆழமாக இறங்கினால் இருக்கும் கொஞ்சக் கொழுப்பும் கரைந்து, முகம் இன்னும் வயதாகத் தெரியும். என் சகோதரிக்குக் கன்னத்தை விட்டுத் தாடைக்குக் கீழே மட்டும் செய்ததும் இதனாலேயே.

மருதோன்றி (புதுக்குடியிருப்பு)

நான் மணப்பெண் அலங்காரம் செய்பவள். முகம் இறுக்கும் மெஷின் ஒன்றை வாங்கி வைத்தால் நல்ல வருமானம் என்று சொல்லி இணையத்தில் விற்பவர்கள் எனக்கும் அடிக்கடி செய்தி அனுப்புகிறார்கள். நான் வாங்காததற்குக் காரணம், என்னிடம் அலங்காரத்துக்கு வந்த ஒரு மணப்பெண்ணின் தாயாருடைய கழுத்து. வேறோர் ஊரில், வைத்தியர் இல்லாத ஓர் அழகுக்கலை நிலையத்தில் அவர் ஹைஃபு, அதாவது குவிந்த அல்ட்ராசவுண்ட், செய்துகொண்டார். கழுத்தின் இரு பக்கமும் ஒரே நீளத்தில், ஒரே இடைவெளியில், கருவி நகர்ந்த வழியெல்லாம் மண்ணிறக் கோடுகள் வரிசையாக நின்றன. மகளின் கல்யாணத்தன்று அந்தக் கோடுகளை மறைப்பதற்கு, மணப்பெண்ணுக்குச் செலவழித்த நேரத்தில் பாதியை நான் தாயாருக்குச் செலவழித்தேன். செய்தவர் அவரிடம் உலோகத்தைப் பற்றியும் கேட்கவில்லை, சர்க்கரை வியாதியைப் பற்றியும் கேட்கவில்லை, என்ன மருந்து குடிக்கிறீர்கள் என்றும் கேட்கவில்லை என்று அறிந்தேன்.

என் தொழிலில் அன்றாடம் காண்கிற இன்னொன்றையும் சொல்லவேண்டும். வெள்ளையாக்கும் கிரீம்களை நீண்ட காலம் பூசியவர்களின் தோல், சிவந்த நுண்நரம்புகள் தெரியும் அளவுக்கு மெலிந்திருக்கும். அவற்றில் பலவற்றில் ஸ்டீரொய்ட் கலந்திருப்பதே காரணம். அப்படியான முகத்தில் சூடு வைப்பதற்கு முன்னர், கிரீமின் டப்பாவையே கொண்டுபோய்த் தோல் வைத்தியரிடம் காட்டுங்கள். யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலையின் தோல் கிளினிக்கில் இதைக் காட்டலாம். சிகிச்சை செய்பவர் தனியார் என்றால், இலங்கை மருத்துவ சபையில் அவர் பதிவுபெற்றவரா என்று பார்ப்பதில் கூச்சம் வேண்டாம்.

விசுவமடு அண்ணன் (சுவிஸ்)

முகம் ஆண்களுக்கும் தொங்கும் என்பதால் நானும் எழுதுகிறேன். இங்கே குவிந்த அல்ட்ராசவுண்ட் செய்துகொண்டேன். தாடை எலும்பின் ஓரத்தில் கருவி ஓடும்போது பல்லின் வேருக்குள் குத்துவதுபோன்ற நோவு. மரத்துப்போகும் கிரீம் தோலுக்கு மேலே மட்டும்தான் வேலை செய்தது. முன்னும் பின்னும் ஒரே வெளிச்சத்தில், ஒரே தூரத்தில் எடுத்த படங்களை ஒப்பிட்டால் கழுத்துக்கும் தாடைக்கும் இடையிலான வளைவு சற்றுத் தெளிந்திருக்கிறது. படத்தைக் காட்டாமல் கேட்டால் மனைவிக்கே வித்தியாசம் தெரியவில்லை. கொடுத்த பணத்துக்கு அது காணாது என்பதே என் கணிப்பு.

உலோகம் உண்டா என்று அவர்களும் கேட்டார்கள். தொடையில் பீஸ் இருக்கிறது என்று சொன்னதும், கேட்ட பிள்ளை நான் காதுக்கடுக்கன் அணிந்திருப்பதாக விளங்கிக்கொண்டு அதைக் கழற்றச் சொன்னாள். எக்ஸ்ரேப் படத்தைக் கைத்தொலைபேசியில் காட்டிய பிறகுதான் வைத்தியரை அழைத்தாள். முகத்தில் அல்ட்ராசவுண்ட் செய்வதற்குத் தொடையிலுள்ள துண்டு தடையில்லை என்று அவர் விளக்கினார். குளக்கட்டு அக்கா, ரேடியோ அலை என்றாலும் இதே பதில்தானா?

குளக்கட்டு (வவுனியா)

தம்பி, ஒற்றைமுனை ரேடியோ அலை என்றால் தொடையிலுள்ளதையும் கட்டாயம் சொல்லவேண்டும். மின்னோட்டத்தைத் திருப்பி எடுக்கும் தகட்டை உலோகம் இருக்கும் இடத்துக்கு மேல் ஒட்டக்கூடாது. எங்கே ஒட்டுவது, அல்லது செய்யாமலே விடுவதா என்பதை வைத்தியர் படத்தைப் பார்த்துத்தான் தீர்மானிப்பார். காயப்பட்ட காலத்தில் வைத்தியசாலை எழுதித் தந்த டயக்னோசிஸ் காட் (நோய் விவர அட்டை) இருந்தால் அதனையும் கொண்டுபோங்கள். இடப்பெயர்வில் எல்லாவற்றையும் தொலைத்தவர்களே எங்களிடம் அதிகம் என்பது தெரியும். அவர்கள் முகத்துக்கும் கழுத்துக்கும் புதிதாக எக்ஸ்ரே எடுத்துக்கொண்டு போவது நல்லது, ரீச்சருக்குக் காதோரத்தில் இருந்தவை அப்படித்தானே தெரியவந்தன. அந்தப் படத்தைப் பத்திரப்படுத்தி வையுங்கள். பின்னொரு நாள் எம்.ஆர்.ஐ. எடுக்கச் சொன்னாலும் முதலில் கேட்பது அதைத்தான்.