குவேசார் பக்கத்தில் பச்சையாக ஒளிரும் மேகம்: உள்ளே நட்சத்திரம் இல்லாமல் எப்படி?

ஈசூன் அம்மா:
வணக்கம். என் மகன் உயர்நிலை 2 படிக்கிறான், பள்ளி விடுமுறை முழுக்க விண்வெளிப் படங்கள்தான். நேற்று இரவு சாப்பிடும்போது ஒரு படம் காட்டினான். ஐசி 2497 என்ற விண்மீன் மண்டலத்துக்குப் பக்கத்தில், நடுவில் ஓட்டை விழுந்த துணி மாதிரி ஒரு பச்சை மேகம். 2007-ல் ஹானி வான் ஆர்கெல் என்ற டச்சுப் பள்ளி ஆசிரியை கண்டுபிடித்தாராம். குவேசார்தான் அதை ஒளிர வைக்கிறது என்கிறான், அதே வாயில் குவேசார் வாயுவை நொடிக்கு ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் வேகத்தில் வெளியே தள்ளும் என்றும் சொல்கிறான். அப்படித் தள்ளினால் மேகம் எப்போதோ சிதறியிருக்க வேண்டாமா? எரிய ஒன்றும் இல்லாத இடத்தில் பச்சை எங்கிருந்து வருகிறது? பிள்ளையிடம் தப்பாகச் சொல்லிவிடக் கூடாது, அதனால்தான் கேட்கிறேன்.

நிறமாலை:
அக்கா, வெளிச்சம் படுவது வேறு, குவேசார் தள்ளும் வாயு காற்று மாதிரி அடிப்பது வேறு. இரண்டையும் சேர்த்துப் பார்ப்பதால்தான் குழப்பம்.

குவேசார் என்றால் ஒரு விண்மீன் மண்டலத்தின் நடுவில் வாயுவை விழுங்கிக்கொண்டிருக்கும் மாபெரும் கருந்துளை. அதற்குள் விழப்போகும் வாயு அதைச் சுற்றிச் சுழன்று சூடேறி, புற ஊதாக் கதிரையும் எக்ஸ் கதிரையும் கொட்டும். அந்த ஒளி, பல்லாயிரம் ஒளியாண்டு தள்ளிச் சும்மா கிடக்கும் வாயுவில் பட்டு அணுக்களிலிருந்து எலக்ட்ரான்களைப் பிய்த்துவிடுகிறது. மேகம் இருந்த இடத்தில்தான் இருக்கிறது. பச்சை நிறம் இரண்டு எலக்ட்ரானை இழந்த ஆக்சிஜனுடையது, 500.7 நானோமீட்டர். அடுப்பில் உப்புத் தண்ணீர் பொங்கி வழிந்தால் நீலத் தீ சட்டென்று மஞ்சளாகுமே, அது சோடியத்தின் நிறம். அது மாதிரிதான், ஆனால் இந்தப் பச்சையைச் சமையலறையில் வரவைக்க முடியாது, ஏனென்றால் அந்த ஆக்சிஜன் இந்த ஒளியை விடுவதற்குச் சராசரியாக அரை நிமிடத்துக்கு மேல் எதனோடும் மோதாமல் இருக்க வேண்டும், நம்மைச் சுற்றியிருக்கும் காற்றிலோ ஒரு நொடிக்குள் கோடிக்கணக்கான மோதல். 1864-ல் வில்லியம் ஹக்கின்ஸ் ஒரு நெபுலாவின் (விண்வெளி வாயு மேகம்) ஒளியை நிறம் நிறமாகப் பிரித்து, அதாவது நிறமாலையாக்கி, இந்தப் பச்சையை ஒரு கோடாகப் பார்த்தபோது யாருக்கும் பிடிபடவில்லை, 'நெபுலியம்' என்று ஒரு புதுத் தனிமத்தின் பெயரே வந்துவிட்டது. ஆக்சிஜன்தான் என்று ஐரா போவன் காட்டியது 1927-ல்.

இன்னொன்று, எனக்கு மிகவும் பிடித்தது: ஐசி 2497-ன் குவேசார் இப்போது கிட்டத்தட்ட அணைந்த நிலையில் இருக்கிறது. ஒளி மேகத்துக்குப் போய் நம் பக்கம் திரும்புவதற்குப் பல்லாயிரம் ஆண்டு கூடுதலாகிறது, அதனால் மேகம் இன்னும் பழைய வெளிச்சத்தைக் காட்டிக்கொண்டிருக்கிறது.

தெம்பனிஸ் மாடி:
அண்ணன் சொன்னதோடு காற்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள். மகன் சொன்ன வேகம் சரிதான். கருந்துளைக்கு நெருக்கத்தில் கிளம்பும் வாயு சில குவேசார்களில் ஒளி வேகத்தில் பத்தில் ஒரு பங்கைத் தொடும், வெளியே வர வர ஆயிரம் கிலோமீட்டர் கணக்குக்குக் குறையும். எது காற்று, எது சும்மா ஒளிரும் வாயு என்பதைப் படத்தை வைத்துச் சொல்ல முடியாது, நிறமாலையில்தான் தெரியும். அமைதியான வாயுவின் கோடு மெல்லியதாக இருக்கும். வீசப்படும் வாயுவின் கோடு அகலமாகி, பெரும்பாலும் நீலப் பக்கம் ஒரு வால் நீளும், ஏனென்றால் நம்மை நோக்கி வரும் வாயுவின் ஒளி நீலப் பக்கம் நகர்ந்து தெரிகிறது, மறுபக்கம் விலகிப் போவதைத் தூசி மறைக்கிறது.

மேகங்கள் எவ்வளவு பெரிதாகும் என்று காட்ட வேண்டுமானால் யூஎம் 287 என்ற குவேசாரைச் சுற்றியுள்ள மேகத்தைப் பற்றித் தேடச் சொல்லுங்கள். 2014-ல் ஹவாயின் கெக் தொலைநோக்கியில் பார்த்தது, ஏறத்தாழ 15 லட்சம் ஒளியாண்டு நீளம், நம் பால்வீதியின் குறுக்களவு ஒரு லட்சம்தான். அது ஹைட்ரஜனின் 121.6 நானோமீட்டர் ஒளி. அந்தப் புற ஊதா நம் காற்று மண்டலத்தைத் தாண்டி வராது, ஆனால் அவ்வளவு தூரத்திலிருந்து வருவதற்குள் பிரபஞ்ச விரிவால் நீண்டு ஏறக்குறைய 400 நானோமீட்டர் ஊதாவாகிவிடுகிறது. தூரமாக இருப்பதாலேயே தரையிலிருந்து பார்க்க முடிகிறது!

புங்கோல் கேமரா:
வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழகம்) கார் நிறுத்தத்தின் மேல்தளத்தில் ஆக்சிஜன் ஃபில்டர் போட்டு ஓரியன் நெபுலா எடுப்பேன், விளக்கு வெளிச்சத்தை நன்றாகவே வெட்டும். அதே ஃபில்டரில் இந்தப் பச்சை மேகம் கிடைக்குமா?

தெம்பனிஸ் மாடி:
கிடைக்காது தம்பி. ஐசி 2497-க்கு அந்தக் கோடு அதே பிரபஞ்ச விரிவால் சுமார் 526 நானோமீட்டருக்கு நகர்ந்துவிட்டது, உங்கள் குறுகிய ஃபில்டர் அதையே தடுத்துவிடும். ஃபில்டரைக் கழற்றிவிட்டு கன்னி ராசியில் 3சி 273 என்ற குவேசாரை எடுத்துப் பாருங்கள். கிட்டத்தட்ட 13-ஆம் அளவு ஒளிர்வு, அதாவது வெறும் கண்ணுக்குத் தெரியாத மங்கல், படத்திலும் வெறும் புள்ளிதான், ஆனால் 200 கோடி ஒளியாண்டுக்கும் அப்பாலிருந்து வந்த வெளிச்சம்.

ஈசூன் அம்மா:
ரொம்ப நன்றி, இரண்டு பேர் எழுதியதையும் அவனுக்கு வாசித்துக் காட்டினேன். உடனே அடுத்த கேள்வி: காற்று அந்தப் பச்சை மேகத்தை எப்போதாவது போய்ச் சேருமா?

நிறமாலை:
ஒரு மூலையில் ஏற்கெனவே சேர்ந்துவிட்டது. ஹபிள் எடுத்த படத்தில் மண்டலத்திலிருந்து வந்த வாயு மோதி நெருக்கிய சின்னப் பகுதியில் இளம் நட்சத்திரங்கள் பிறந்திருக்கின்றன. படத்தைப் பெரிதாக்கி, மண்டலத்தைப் பார்த்திருக்கும் விளிம்பில் தேடச் சொல்லுங்கள்.