யோகா முகாமுக்கு அஹங்கம போவதா, வேண்டாமா?

வெள்ளவத்தை டீச்சர்:
வணக்கம். வெள்ளவத்தையில் பதினொரு வருடமாக யோகா வகுப்பு நடத்துகிறேன். இப்போது 18 பேர் வருகிறார்கள், அனேகமாக ஐம்பது வயதைத் தாண்டிய பெண்கள். வருகிற போயா (பௌர்ணமி) விடுமுறையோடு மூன்று நாள் லீவு சேர்ந்து வருவதால், தெற்கே கடலோரம் எங்காவது தங்கிப் பயிற்சி செய்ய ஆசைப்படுகிறார்கள். இடம் பார்க்க அஹங்கம போனேன். கிடுகுக் கூரை, மூங்கில் உறிஞ்சுகுழல், சமையல் கழிவில் உரம், வாசலில் இயற்கையைக் காக்கும் தங்குமிடம் என்று ஒரு பலகை. எனக்கும் பிடித்துத்தான் இருந்தது.

வெளியே வந்ததும் மதிலுக்குப் பின்னால் இருந்த வீட்டில் குடிக்கத் தண்ணீர் கேட்டேன். அந்த அம்மா போத்தல் தண்ணீர் கொண்டுவந்து தந்தார். முற்றத்திலேயே கிணறு இருக்கிறதே என்று எனக்குத் தெரிந்த சிங்களத்தில் கேட்டேன். பக்கத்தில் நீச்சல் தடாகம் கட்டி, குழாய்க்கிணறும் அடித்த பிறகு தன் கிணறு உவராகிவிட்டது என்றார். தண்ணீர் பவுசர் லொறி வரும் நாளைப் பார்த்துத்தான் இப்போது உடுப்புத் தோய்க்கிறாராம். அந்த மதிலுக்கு இந்தப் பக்கம் 18 பேரை உட்காரவைத்து மூச்சுப் பயிற்சி சொல்லிக்கொடுக்க எனக்கு மனம் வரவில்லை. நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்?

வான்காரன்:
டீச்சர், கோபிக்காதீர்கள். 2019 ஏப்ரல் 21 ஈஸ்டர் குண்டுவெடிப்புகளுக்குப் பிறகு என் வான் மாதக்கணக்கில் வீட்டு வாசலில் நின்றது. அடுத்து கொரோனா. 2022இல் 13 மணித்தியாலம் கரண்ட் இல்லை, டீசல் வரிசையிலேயே இரண்டு இரவு தூங்கினேன். வானின் லீசிங் தவணை கட்ட மனைவியின் தாலிக்கொடி அடகுக்குப் போனது. அதை மீட்டுத் தந்தது யோகா குழுக்கள் தந்த ஹயர், அதாவது வாடகை ஓட்டம்தான்.

பாக்கேஜில் வருகிற கூட்டம் பெரிய ஹோட்டலில் ஓர் இரவு தங்கும், காலையில் சீகிரியா, அப்புறம் அடுத்த ஊர். யோகாவுக்கு வருகிறவர்கள் ஒரே ஊரில் பத்து நாள் இருப்பார்கள். கீரை, பலாக்காய், தேங்காய் எல்லாம் அந்த ஊர்ச் சந்தையில்தான் வாங்குகிறார்கள். சமையலுக்கு நாலு பெண்கள், தோட்டத்துக்கு இரண்டு பேர். 2018இல் 23 இலட்சம் பயணிகள் வந்த நாடு இது. விழுந்து எழும்பி, 2024இல்தான் மறுபடி 20 இலட்சத்தைத் தாண்டினோம். ஒரு கிணற்றை வைத்து எல்லாவற்றையும் பிழை என்று சொல்லாதீர்கள்.

கல்குடாப் பொடியன்:
அண்ணா, அது ஒரு கிணறு இல்லை. எங்கள் அப்பா கரையிலிருந்து வலை இழுக்கும் கரைவலைக்காரர். 2004 சுனாமிக்குப் பிறகு தெற்கிலும் மேற்கிலும் கரையிலிருந்து 100 மீற்றருக்குள்ளும், வடக்கிலும் கிழக்கிலும் 200 மீற்றருக்குள்ளும் வீடு கட்டக்கூடாது என்று அரசு சொன்னது. ஹோட்டல்களுக்கு அதில் விலக்கு. கடலை நம்பி வாழ்ந்தவனைப் பின்னுக்குத் தள்ளிவிட்டு, கடலைப் பார்க்க வருகிறவனுக்கு முன்வரிசை கொடுத்தார்கள். அந்த விதியைப் பிறகு தளர்த்தினார்கள்தான், ஆனால் அதற்குள் ஆட்கள் இடம் மாறிவிட்டார்கள்.

2009இல் போர் முடிந்த பிறகு எங்கள் கிழக்குக் கரையில், பாசிக்குடாவில் வரிசையாக ஹோட்டல்கள் வந்தன. அப்பாவின் மீன்வாடிக் குடிசை இருந்த இடத்தில் இப்போது சாய்வு நாற்காலிகள். தோணி ஏற்ற ஒரு மூலைதான் மிச்சம். கருவாடு காயப்போட்டால் மணக்கிறது என்று ஆள் அனுப்புகிறார்கள். என் மச்சான் அங்கேதான் வேலை செய்கிறான், சம்பளம் ஒழுங்காக வருகிறது, அதையும் மறைக்கவில்லை. ஆனால் அவனுடைய அப்பா சொந்த வலையோடு கடலுக்குப் போனவர். இவன் அதே கரையில் துவாய் மடிக்கிறான்.

வான்காரன்:
தம்பி, உன் வீட்டுக்கு நடந்தது அநியாயம். நான் இல்லை என்று சொல்லவில்லை. அது அரசும் பெரிய கம்பெனிகளும் செய்தது. டீச்சர் 18 பேரோடு மூன்று நாள் போவதை அதோடு சேர்க்காதே.

ரயில் பயணி:
கிணறு, கரை எல்லாம் சரி, ஆனால் பெரிய கணக்கு வானத்தில் இருக்கிறது. உலகம் வெளிவிடும் பசுமை இல்ல வாயுக்களில் சுமார் 8 சதவீதம் சுற்றுலாவால் வருவது என்று 2018இல் ஓர் ஆய்வு வந்தது. ஐரோப்பாவிலிருந்து பத்து மணித்தியாலத்துக்கு மேல் பறந்து வந்து மூங்கில் குழலில் இளநீர் குடிப்பதால் அந்தப் புகை இல்லாமல் போகாது. டீச்சருடைய ஆட்கள் அப்படி இல்லை. வெள்ளவத்தை ஸ்டேஷனும் அஹங்கம ஸ்டேஷனும் ஒரே கரையோரப் பாதையில்தான் இருக்கின்றன. ரயிலில் போங்கள்.

வான்காரன்:
ரயிலில் போனால் என் ஹயர் போகுமே!

தெமோதரைப் பிள்ளை:
கொட்டாஞ்சேனையில் வேலை, ஊர் மலைநாட்டில் தெமோதரைக்குப் பக்கத்துத் தேயிலைத் தோட்டம். 1921இல் கட்டி முடித்த ஒன்பது வளைவுப் பாலத்தைப் பார்க்க எங்கள் தேயிலைக்குள்ளால்தான் நடந்து போகிறார்கள். பக்கத்து ஊரான எல்ல முழுக்க யோகா மண்டபம், ஹோம்ஸ்டே. கொழுந்து எடுக்கிற என் அம்மாவை எத்தனை பேர் படம் எடுத்திருப்பார்கள் என்று எண்ண முடியாது. 2024இல் அவருடைய நாட்சம்பளம் 1,350 ரூபாய் ஆனது. அதற்கே எவ்வளவு போராட்டம்.

சுற்றுலாக் காசு ஊருக்குத்தான் போகிறது என்கிறார் வான் அண்ணன். எந்த ஊருக்கு, யாருக்கு? எல்ல பஜாரில் காணி உள்ளவர் ஓர் அறை கூட்டிக் கட்டுகிறார், பிள்ளையைப் படிக்க வைக்கிறார். நல்லது. எங்களுடையது லயன் வீடு, தோட்டத் தொழிலாளருக்கு வரிசையாகக் கட்டிய அறைகள். காணி அரசுடையது, 1992இலிருந்து நிர்வாகம் கம்பெனிகளிடம். நாங்கள் அங்கே ஐந்தாவது தலைமுறை, கையில் காணி உறுதிப் பத்திரம் இல்லை. உறுதி இல்லாத வீட்டில் எந்த விருந்தாளிக்கு அறை கொடுப்பது, எந்த வங்கியில் கடன் கேட்பது? வாசல்வரை வருகிற பயணியிடம் ஒரு கப் தேநீர் விற்கக்கூட யோசிக்க வேண்டியிருக்கிறது. காணி உள்ளவனுக்குத்தான் சுற்றுலா வருமானம். எனக்கு யோகா ஆட்கள் மேல் கோபம் இல்லை. காணி விஷயத்தை விட்டுவிட்டு உறிஞ்சுகுழலைப் பற்றிக் கதைக்கிறார்களே என்பதுதான் மனவருத்தம்.

கல்குடாப் பொடியன்:
சரியாகச் சொன்னீர்கள். தெற்கிலும் இப்போது அதுதான். 2014 காணிச் சட்டப்படி வெளிநாட்டவர் காணி வாங்க முடியாது, ஆனால் 99 வருடம் வரை குத்தகைக்கு எடுக்கலாம். குத்தகைக்குக் கொடுத்தவரின் பேரப்பிள்ளைகூட அதைத் திரும்பக் காண்பாரா தெரியாது. 2024 பெப்ரவரியில் உனவட்டுனவில் வெள்ளையருக்கு மட்டும் என்று ஒரு விருந்து அறிவித்தார்களே, நாடே கொதித்த பிறகுதான் அதைக் கைவிட்டார்கள். சொந்த ஊர்க்காரன் வாசலில் நிற்க வேண்டிய நிலை ஒரே நாளில் வருவதில்லை.

வெள்ளவத்தை டீச்சர்:
எல்லாவற்றையும் இரண்டு தடவை வாசித்தேன். தெமோதரைப் பிள்ளை எழுதியதைப் படித்துவிட்டு இரவு சரியாகத் தூங்கவில்லை.

நான் படித்த வழியில் ஆசனம் முதல் படி இல்லை. திருமூலர் திருமந்திரத்தின் மூன்றாம் தந்திரத்தில் யோகத்தின் எட்டு உறுப்புகளைச் சொல்லும்போது இயமம், நியமம் இரண்டையும் முன்னே வைக்கிறார், ஆசனம் மூன்றாவதாகத்தான் வருகிறது. இயமத்தில் நிற்பவன் கொல்லான், பொய் சொல்லான், களவு செய்யான், பகுத்து உண்பான். இதை வகுப்பில் எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறேன். பக்கத்து வீட்டின் தண்ணீரை உறிஞ்சுகிற இடத்துக்குக் காசு கொடுத்துவிட்டு, மறுநாள் காலையில் இதே பாடத்தை என்னால் நடத்த முடியாது.

வான்காரன்:
டீச்சர், திருமூலரை நானும் கும்பிடுகிறேன். ஆனால் நீங்கள் போகாமல் விட்டால் அந்த அம்மாவின் கிணறு நன்னீராகுமா? அந்த இடத்தில் சமைக்கிற பெண்ணுக்கு மூன்று நாள் சம்பளம்தான் போகும். போங்கள், போய் முதலாளியிடம் கிணற்றைப் பற்றிக் கேளுங்கள். காசு கொடுக்கிற ஆள் கேட்டால்தான் காது கேட்கும்.

ரயில் பயணி:
அண்ணா, ஒரு குழு கேட்டால் சிரித்துவிட்டு அனுப்பிவிடுவார்கள். பிரதேச சபையும் சுற்றுலா அதிகார சபையும் அனுமதி கொடுக்கும்போதே குழாய்க்கிணற்றைப் பார்க்க வேண்டும்.

வெள்ளவத்தை டீச்சர்:
அந்த அம்மாவுடன் இன்று தொலைபேசியில் கதைத்தேன். அவருடைய தங்கை வீட்டில் மூன்று அறை, பக்கத்து வீட்டில் இரண்டு. நீச்சல் தடாகம் இல்லை, ஏசி இல்லை. பயிற்சியை விடியற்காலையில் கடற்கரையிலேயே வைத்துக்கொள்ளலாம். ஐந்து அறையில் 18 பேர் நெருக்கம்தான், எட்டுப் பேர் ஏற்கெனவே முகம் சுளித்துவிட்டார்கள், வராமலும் விடலாம். சமையலுக்கும் அறைக்கும் காசு அவர்கள் கையில் நேரே போகும். மூன்று நாளுக்கான பவுசர் தண்ணீருக்கு நாங்கள் தருவோம். அந்தப் பெரிய இடத்து முதலாளிக்கும் ஏன் வரவில்லை என்று கடிதம் எழுதிவிட்டேன்.

வான்காரன்:
பவுசர் காசை நீங்கள் கொடுப்பது சரியில்லை டீச்சர், கிணற்றைக் கெடுத்தவன்தான் கொடுக்க வேண்டும். இந்த விஷயத்தில் நான் இன்னும் உங்களோடு ஒத்துப்போகவில்லை. ஆனால் போயா லீவில் ரயிலில் நிற்கவும் இடம் கிடைக்காது, முழங்கால் வலிக்காரர் எத்தனை பேர் என்று பார்த்துச் சொல்லுங்கள். அவர்களை மட்டும் டீசல் காசுக்குக் கொண்டுபோய் விடுகிறேன். ஊருக்குள் ஓடுவதற்கு அங்கத்தைய ஆட்டோக்காரர் இருக்கிறார்கள், அந்த ஹயர் அவர்களுடையது.